கடப்பா தட்டை இடிக்கலாமா? மாடுலர் கிச்சனும் நம்ம ஊர் உப்புக் காற்றும்

முத்தியால்பேட்டை_மாடி:

வணக்கம் எல்லாருக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் சமையலறையை மட்டும் புதுப்பிக்கலாம் என்று இறங்கியிருக்கிறோம். அறை 10 அடிக்கு 8 அடி. ஜன்னல் கிழக்கே, கடல் பக்கம். எல் வடிவ மேடை, அதற்குக் கீழே செங்கல் தடுப்பு, நடுவே கடப்பா தட்டு. கதவு கிடையாது, அம்மா தைத்துப் போட்ட திரைதான். மேலே இரண்டு பக்கமும் சிமெண்ட் பரண். 90களில் கட்டிய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே சமையலறையைத்தான் பார்ப்பீர்கள்.

மாடுலர் கிச்சன் ஷோரூமிலிருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டு, "மேடை, தட்டு எல்லாத்தையும் இடிச்சிடுங்க மேடம். ஃபேக்டரியில செஞ்ச பாக்ஸை அப்படியே கொண்டு வந்து வெச்சிடுவோம், மேல குவார்ட்ஸ் போட்டுக்கலாம்" என்கிறார். 3டி படத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குப் பிடித்துப் போய்விட்டது. அம்மாவோ, "கல்லை இடிச்சிட்டு அட்டையை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இடிக்கத்தான் வேண்டுமா? கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எந்தப் பலகை நிற்கும்? கைப்பிடி இல்லாத கதவு, டால் யூனிட் எனும் ஆளுயர அலமாரி என்று காட்டுவதெல்லாம் நம் சமையலுக்கு ஒத்துவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உளி_வில்லியனூர்:

அக்கா, நான் தச்சுவேலை செய்கிறவன். உங்கள் அம்மா அட்டை என்று சொன்னது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டை என்றால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. முதலில் அந்த ஷோரூம்காரரிடம் பாக்ஸ் எந்தப் பலகையில் என்று எழுதி வாங்குங்கள். வெளிக்கதவு எது என்று சொல்வார்கள், உள்ளே இருக்கும் பெட்டி எதில் என்று கேட்டால்தான் சொல்வார்கள்.

ஏன் இடிக்கச் சொல்கிறார்கள் என்றால், ஃபேக்டரி பாக்ஸ் 450, 600, 900 மில்லிமீட்டர் என்று குறிப்பிட்ட அகலங்களில் வரும். உங்கள் செங்கல் தடுப்பு முன்பக்கம் 23 அங்குலம் இருந்தால் உள்ளே போகப் போக 22 ஆகிவிடும். கொத்தனார் கண்மட்டத்தில் கட்டியது. அந்த இடைவெளிக்குள் அவர்கள் பெட்டி உட்காராது. கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை, அவர்கள் வேலைமுறை அப்படி. ஆனால் மேடைக் கல்லைத் தாங்குவதே அந்தத் தடுப்புதான். அதை எடுத்தால் மேல் கல்லும் போகும், சுவர் டைல்ஸும் ஒரு வரிசை போகும், பைப்பும் மாறும். அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடிக்காமல் செய்ய வழி உண்டு. தடுப்பு முகப்பில் சட்டம் பொருத்தி அதில் கதவு மாட்டலாம். டிராயர் வேண்டிய ஒன்றிரண்டு அறைகளில் மட்டும் நடுத்தட்டை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கே ஒரு பெட்டி செய்து உள்ளே தள்ளலாம்.

லாஸ்பேட்டை_இரண்டாவது_மாடி:

அண்ணே, கடப்பா தட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் யாரும் தினம் அதற்குள் குனிந்து பாத்திரம் எடுப்பதில்லை. 22 அங்குல ஆழம். முன்வரிசையில் இருப்பது மட்டும்தான் கைக்கு வரும். பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதுதான் தெரியும். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. குக்கர் எடுக்கத் தரையில் உட்கார்ந்து, எழுந்திருக்க மேடையைப் பிடித்துக்கொள்வார். டிராயர் போட்ட பிறகு நின்றபடியே இழுத்து, மேலிருந்து பார்த்து எடுக்கிறார். கல் நூறு வருஷம் நிற்கும், சரி. முழங்கால் நிற்க வேண்டாமா?

கெடிலக்கரை:

கடலூரிலிருந்து எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. உங்கள் ஊரில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் படகு விட்டார்கள். எங்களுக்கு மழையோடு போகவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, எங்கள் தெருவுக்குள் ஏறியது.

வீட்டுக்குள் முழங்கால் அளவு. தண்ணீர் வடிந்து சேறு வழித்துப் போட்ட பிறகு பார்த்தால், கீழ் அலமாரிப் பக்கப் பலகை எல்லாம் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. மேல்மைக்கா மட்டும் அப்படியே பளபளப்பாக நிற்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. கீல் திருகைக் கையாலேயே இழுத்து எடுத்தேன். செய்து கொடுத்த கடைக்குப் போன் போட்டால், வெள்ளத்துக்கு வாரண்டி இல்லை என்றார்கள். நியாயம்தான். ஆனால் விற்கும்போது "வாட்டர் ப்ரூஃப்" என்றுதான் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டில் கடப்பா தட்டு. குழாயை வைத்துக் கழுவிவிட்டார்கள், முடிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல், 2015 மழை, அப்புறம் இது. நம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் தரையிலிருந்து முதல் ஓர் அடிக்கு எந்த மரப்பலகையையும் நம்பக் கூடாது என்பது என் கட்சி.

ஏட்டுச்சுரைக்காய்:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டி அலமாரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்பது கொஞ்சம் விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மேல்நாட்டுச் சமையலறையிலும் சுவரோடு சேர்ந்த அலமாரி பெரும்பாலும் இல்லை. ஒரு மேஜை, ஒரு நிலையடுக்கு, பண்டம் வைக்கத் தனி அறை. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஹூசியர் கம்பெனி ஒரு தனி அலமாரியைச் செய்து விற்றது. மேலே மாவு கொட்டும் தொட்டி, அதன் அடியிலேயே சல்லடை, நடுவே இழுத்தால் வெளியே வரும் பலகை, கீழே பாத்திரம். நின்ற இடத்தில் நின்று ரொட்டிக்கு மாவு பிசையலாம். அவர்கள் வீட்டில் தினம் ரொட்டி, அதனால் அலமாரியின் நெஞ்சில் மாவுத்தொட்டி.

1926இல் ஜெர்மனியின் ஃப்ராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ரயிலில் உணவுப்பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அரிசி, சர்க்கரை, பருப்புக்குப் பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள், இழுத்து அப்படியே கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், பூச்சி அண்டாது என்று. கதவுகளுக்கு நீலப்பச்சை வண்ணம், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது ஒரு நம்பிக்கை. ஏறக்குறைய 10,000 வீடுகளில் போட்டார்கள். இன்று நாம் மாடுலர் என்று சொல்வதற்கெல்லாம் பாட்டி அதுதான். வரைந்தவர் அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து நின்று வேலை செய்ய முடியவில்லை என்று அந்தக் காலத்திலேயே முணுமுணுப்பும் இருந்தது. மாமியாரும் மருமகளும் ஒன்றாக நிற்கும் நம் சமையலறைக்கு அந்த அளவை அப்படியே கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பிறகு ஜெர்மனியில் 32 மில்லிமீட்டர் முறை வந்தது. பக்கப் பலகையில் 5 மி.மீ. துளைகளை 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாகப் போடுவது. கதவுக்குள் பதியும் கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை. எந்தத் தொழிற்சாலையில் செய்த பலகைக்கும் எந்தக் கம்பெனி கீலும் பொருந்தும். கதவைத் திருகாணியிலேயே மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தி நேராக்கலாம். அலமாரியின் அழகைவிட இந்தத் துளைவரிசைதான் பெரிய மாற்றம் என்பேன். நம் ஊருக்கு இதெல்லாம் 1991இல் பொருளாதாரக் கதவு திறந்த பிறகுதான் தாராளமாக வந்தது.

அப்புறம் அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் முக்கோணம். 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்னது: மூன்று பக்கமும் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமல், 26 அடிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். முத்தியால்பேட்டை அக்காவின் 10க்கு 8 அறையில் இது தானாகவே அமைந்துவிடும். அதற்காக யாரும் காசு வாங்கினால் கொடுக்காதீர்கள்.

திருப்பாதிரி_பேத்தி:

ஏட்டுச்சுரைக்காய் என்று பெயர் வைத்துக்கொண்டு கறிக்கு உதவுகிற மாதிரி எழுதிவிட்டீர்கள் சார்!

நம் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் என் ஆயா வீட்டில் தரையோடு தரையாக விறகடுப்பு. அதற்கு மேலே பரணில் புளியும் விறகும், புகை பட்டுப் பட்டுப் பூச்சி பிடிக்காமல் இருக்கும். பாலும் வெண்ணெயும் உறியில். உப்பு, விளக்கு, தீப்பெட்டி மாடத்தில். நெல்லுக்குக் குதிர். பின்னால் ஒரு கம்பி வலை அலமாரி வந்தது. பலாமரச் சட்டம், நான்கு கால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம். எறும்பு ஏறாது, பூனை வாய் வைக்காது, காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். பண்ருட்டி பக்கம் பலாவுக்குப் பஞ்சமா? காய்த்து ஓய்ந்த மரத்தை அறுத்து ஆறப்போட்டுச் செய்வார்கள்.

காஸ் அடுப்பு வந்ததும்தான் உட்கார்ந்து சமைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது காஸ் கம்பெனி விதி. அதனால் மேடை. மேடை வந்ததும் அதன் அடியில் ஒரு காலியிடம் கிடைத்தது. அதை அடைக்கத்தான் கடப்பா தட்டு. யாரும் உட்கார்ந்து வரைந்து வந்ததில்லை அது.

மேடை உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சமைக்கிறவர் முழங்கையை மடக்கி நின்றால் தரையிலிருந்து எவ்வளவோ, அதில் 4 முதல் 6 அங்குலம் குறைத்துக்கொண்டால் நறுக்க வாகாக இருக்கும். ஷோரூம் உயரம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அது யாருக்கென்று தெரியாது.

முத்தியால்பேட்டை_மாடி:

எல்லாருக்கும் நன்றி. கெடிலக்கரை அண்ணா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், முகம் கொஞ்சம் இறங்கியது. லாஸ்பேட்டைக்காரர் சொன்னதும் சரிதான், அம்மாவுக்கும் முழங்கால்தான் பிரச்சினை. உளி அண்ணா, பலகையைப் பற்றி விவரமாகச் சொல்லுங்களேன். கடையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உளி_வில்லியனூர்:

சொல்கிறேன் அக்கா.

கடையில் "கமர்ஷியல்" என்று சொன்னால் அது எம்.ஆர். ரக ப்ளைவுட். ஈரப்பதம் தாங்கும் என்று பெயர், தண்ணீர் தாங்காது. ஹாலில் டிவி யூனிட்டுக்குச் சரி, சமையலறைக் கீழ்ப்பகுதிக்கு வேண்டாம். அதற்கு மேலே கொதிநீரை ஓரளவு தாங்கும் பி.டபிள்யூ.ஆர்., அதற்கும் மேலே பி.டபிள்யூ.பி. என்கிற மரைன் ப்ளைவுட், இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. இந்தத் தரத்துக்கான சோதனையில் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக் கூடாது. பலகை மேலேயே "710" என்று சீல் இருக்கும். சீலை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அதனால் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை, முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள், கம்பெனி பெயர் வரும். நான் என் பங்குக்கு ஒரு துண்டை வெட்டிக் குக்கரில் வேகவைத்துவிடுவேன். பிரிந்தால் லோடைத் திருப்பி அனுப்புவேன்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வழுவழுப்பாக இருக்கும், பெயிண்ட் அழகாக நிற்கும், தண்ணீர் பட்ட ஓரம் ஊதினால் திரும்பச் சுருங்காது. அதே வகையில் ஈரம் தாங்கும் எச்.டி.எச்.எம்.ஆர். அதைவிடக் கெட்டி, மேல் அலமாரிக் கதவுக்கு நான் பயன்படுத்துகிறேன். பி.வி.சி. பலகை, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. என்று விற்பது தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாது. ஆனால் திருகைப் பிடித்துக்கொள்ளும் சக்தி குறைவு. நீளமான தட்டாகப் போட்டால் நடுவில் தொய்யும், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வளையும். சிங்க்குக்குக் கீழே மட்டும் அதைப் போடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஓரம். பலகை முகத்தின் வழியாகத் தண்ணீர் குடிப்பதில்லை, வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான் குடிக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற முன் ஓரத்தில் பளபளவென்று பட்டை ஒட்டியிருப்பார்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள், பின்பக்கம் பாருங்கள், பைப்புக்குப் போட்ட ஓட்டையைத் தடவிப் பாருங்கள். ஓரம் அடைக்காத வெறும் மரம் கைக்குத் தட்டுப்பட்டால் மரைனாக இருந்தாலும் சில மழைக்காலம்தான். நாலு பக்கமும் ஓரம் அடைத்த பி.டபிள்யூ.ஆர். பலகை, ஓரம் திறந்த 710ஐவிட அதிக நாள் உழைக்கும்.

மைக்கா விஷயம்: கதவுக்கு வெளியே 1 மி.மீ. ஒட்டினால் உள்பக்கமும் ஒன்று ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக் காசு மிச்சம் பிடித்தால் கதவு வில்லாக வளையும்.

லாஸ்பேட்டை_இரண்டாவது_மாடி:

இவ்வளவு தலைவலி எதற்கு, பேசாமல் ஸ்டீலில் போட்டுவிடலாமே? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி, கண்ணாடிக் கதவு. கரையான் இல்லை, ஓதம் இல்லை.

பட்டறை_செம்மண்டலம்:

போடலாம் தம்பி, ஆனால் எந்த ஸ்டீல் என்று பார்த்துப் போடு. அமெரிக்காவில் 1940, 50களில் வீட்டுக்கு வீடு ஸ்டீல் அலமாரிதான், பெயிண்ட் அடித்த தகடு. நம் கடற்கரையில் அந்தத் தகட்டை வைத்தால் ஆடிக்கும் தையிக்கும் நடுவில் புள்ளி விழுந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, பார்க்க இரண்டும் ஒன்றுபோல. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்பார். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது! அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. மாங்கனீஸ் அதிகமா என்று காட்டும் சொட்டு மருந்து இருக்கிறது, தகட்டின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பேட்டரி வைத்தால் நிறம் மாறும். அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி அலைச்சத்தம் கேட்கும் வீடு என்றால் 304லும் டீக்கறை மாதிரி பழுப்பு படியும். அது வெறும் மேல்படிவு, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போகும். கடல் உப்பை இன்னும் நன்றாகத் தாங்குவது 316, அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், விலை தாங்காது. பெட்டிக்குச் செலவழிப்பதைவிடக் கீலுக்கும் கூடைக்கும் 304 வாங்குங்கள். முதலில் துரு பிடிப்பது அங்கேதான். டிராயர் ஓடும் தடத்தைச் சேனல் என்பார்கள்; பக்கவாட்டில் தெரியும் பால்பேரிங் சேனலில் குழம்பு வழிந்தால் அவ்வளவுதான், அடியில் மறைந்திருக்கும் சேனல் கொஞ்சம் தப்பிக்கும்.

திருப்பாதிரி_பேத்தி:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. அக்கா, உங்கள் சிலிண்டர் எங்கே நிற்கப்போகிறது? புது 3டி படங்களில் சிலிண்டரைக் கதவு போட்டு மறைத்துவிடுகிறார்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கும். திரை தொங்கிய காலத்தில் இது தானாகவே வெளியேறியது. கதவு மூடி அடைத்தால் அதற்கு வழியில்லை. முடிந்தால் ஏஜென்சி மூலம் பைப் போட்டு சிலிண்டரை வெளியே வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த அறைக்கு மட்டும் கதவே வேண்டாம்.

உளி_வில்லியனூர்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கதவு வேண்டும் என்று அடம் பிடிக்கும் வீட்டில், கதவின் அடியில் பெரிய வெட்டு விட்டு, பலகைக்குப் பதில் சாய்வுப் பட்டை போடுகிறேன். அதையும் சிலிண்டருக்காகச் செய்வதில் எனக்குப் பெரிய சம்மதம் இல்லை. மற்ற அறைகளுக்கு நல்லது. வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் இடத்துக்குச் சாய்வுப் பட்டைக் கதவுதான் சரி.

ஏட்டுச்சுரைக்காய்:

சாய்வுப் பட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களின் கடைசியில் அங்கே இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நகாஷிமா, பின்னால் அமெரிக்காவில் மரச்சாமானுக்குப் பெயர் பெற்றவர். அறைகளுக்குத் தேக்குப் பட்டைகளை இடைவிட்டு அடுக்கிய நகரும் கதவுகள். உள்ளே இருப்பது தெரியாது, காற்று மட்டும் போகும். ஓதம் பிடித்த ஊரில் மூடியும் மூடாமலும் ஒரு கதவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உள்ளூரிலேயே பாடம் இருக்கிறது. நாமோ ரப்பர் பட்டை வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் கதவைத் தேடிப் போகிறோம்.

இன்னொன்று, பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டுக்காரர்களுக்கு. வைசியாள் வீதி மாதிரி தெருக்களில் அந்தச் சுவர்களைச் சுண்ணாம்பு கொண்டே புதுப்பித்தார்கள், அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த மாதிரிச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் பலகையை ஒட்டி அறைந்தால் ஈரம் பலகைக்குள் வரும், உப்புப் பூக்கும். அரை அங்குலமாவது இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள். அக்கா வீட்டுக் கிழக்குச் சுவருக்கும் இது பொருந்தும், மழைக்காலச் சாரல் நேராக அதில்தான் அடிக்கும்.

லாஸ்பேட்டை_இரண்டாவது_மாடி:

சரி, ட்ரெண்டுக்கு வருவோம். நான் அனுபவித்ததை மட்டும் சொல்கிறேன்.

கைப்பிடி இல்லாத கதவு: பார்க்க அழகு. மேலே ஓடும் அலுமினியப் பள்ளத்தில் விரல் விட்டு இழுக்க வேண்டும். மாவு, எண்ணெய், தேங்காய்த் துருவல் எல்லாம் அங்கேதான் சேரும். மீன் கழுவிய கையோடு இழுத்தால் வாசம் மறுநாள் வரை. எனக்கு மறுபடி செய்யக் கிடைத்தால் சாதாரணப் பிடிதான்.

டால் யூனிட்: மளிகைக்கு மிக நல்லது, கண் முன்னால் எல்லாம் தெரியும். ஆனால் சின்ன அறையில் அது வெளிச்சத்தை மறைக்கும்.

மூலையில் வைக்கும் மேஜிக் கார்னர் (இழுத்தால் வெளியே வரும் கூடைகள்): விலைக்கு ஏற்ற உபயோகம் இல்லை. கூடைக்குள் இட்லிக் குண்டானும் நுழையாது, பொங்கல் பானையும் நுழையாது. கிண்ணம் வைக்கத்தான் ஆகும். மூலையை அப்படியே தட்டாக விட்டு அண்டாவை வைத்துவிடலாம்.

கப் அண்ட் சாசர் கூடை: என் வீட்டில் சாசர் எத்தனை என்று கேட்காதீர்கள். டம்ளரும் டபராவும் அதன் கம்பிகளுக்கு இடையில் விழுந்துகொண்டே இருக்கின்றன.

கதவே இல்லாத மேல் தட்டு: படத்தில் மட்டும். வஞ்சிரம் வறுக்கும் வீட்டில் ஒரு மாதத்தில் எல்லாவற்றின் மேலும் பிசுபிசுப்பு. சிம்னி போட்டாலும் புகையை வெளியே தள்ளும் குழாய் இருக்க வேண்டும், உள்ளேயே சுற்றிவிடும் வகை நம் தாளிப்புக்கு ஈடுகொடுக்காது.

சாஃப்ட் குளோஸ் (அடிக்காமல் மெல்லத் தானே மூடிக்கொள்வது): வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கெடிலக்கரை:

மேடைக் கல்லைப் பற்றி: கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளி, எலுமிச்சை பட்டால் வெளுத்துத் தழும்பு விழும். தட்டுக்கு அது போதும், மேலே கிரானைட்டே இருக்கட்டும். குவார்ட்ஸ் என்பது கல்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்த தட்டு. அழகு, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் அதிலிருக்கும் பிசின் தாங்காது. நம் வீட்டில் யார் துணி மடித்துப் போட்டு வைக்கிறார்கள்?

கொட்டேஷனைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சதுர அடி விலை என்றால் எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். 10 அடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரம் என்றால் முகப்புக் கணக்கில் 27.5 சதுர அடி. அதே அலமாரியின் பக்கம், அடி, பின், தட்டு, கதவு எல்லாவற்றையும் பிரித்துக் கூட்டினால் அது பல மடங்கு வரும். ஒருவர் முகப்புக்கு விலை சொல்வார், இன்னொருவர் விரித்த பலகைக்குச் சொல்வார். இரண்டாமவர் மலிவு என்று தோன்றும். கூடை, சேனல், கீல் உள்ளே சேர்ந்ததா, தனியா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

முத்தியால்பேட்டை_மாடி:

எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மேடையை இடிக்கவில்லை. சிங்க் பக்கம், மூலை, சிலிண்டர் அறை அப்படியே கல் தட்டாக இருக்கும், சிலிண்டருக்குக் கதவு இல்லை. அடுப்புக்கு இரண்டு பக்கமும் உள்ள அறைகளில் மட்டும் நடுத்தட்டை எடுத்துவிட்டு டிராயர், தரையிலிருந்து ஓர் அடி விட்டு. மேலே சாரல் சுவரில் அலமாரி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எதிர்ச்சுவரில் மட்டும் மரைன் ப்ளைவுட், மேட் மைக்கா. பச்சை நிறம் கேட்டேன், கிடைத்துவிட்டது. டால் யூனிட் விஷயத்தில் அம்மாவும் வீட்டுக்காரரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதாவது பேசாமல் இருக்கிறார்கள்.

உளி அண்ணா, டிராயருக்கு அளவு கேட்கிறார்கள். எப்படிக் கொடுப்பது?

உளி_வில்லியனூர்:

நீங்கள் பெட்டி அளவு கொடுக்காதீர்கள் அக்கா, பாத்திரத்தின் அளவைக் கொடுங்கள். தினம் எடுக்கிற குக்கர், இட்லிக் குண்டான், பெரிய கடாய் மூன்றையும் மூடியோடு தரையில் வைத்து உயரம் எடுங்கள், அதற்கு மேல் இரண்டு அங்குலம். கைப்பிடியோடு அகலம் எடுங்கள், எல்லாரும் அதை விட்டுவிடுகிறார்கள். கீழ் டிராயர் இதற்கு. மேல் டிராயர் 5 அங்குலம் போதும், கரண்டியும் அஞ்சறைப் பெட்டியும். கிரைண்டரை டிராயரில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு மேடையிலேயே ஓர் இடமும், தனி பிளக் பாயிண்டும்.

கொத்தனார் நடுத்தட்டை எடுக்கும் முன்னால், சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.